நாலு மணிச் சத்தம்

சொரிமுத்துவுக்குச் சாமி வருகிறது என்று முதலில் கண்டுபிடித்தவள் வடிவம்மாள். அவள் ஒன்றைக் கண்டுபிடித்தால் அதன் பிறகு அது ரகசியமாக இருக்காது. கருப்பட்டி வியாபாரியின் மனைவி. வியாபாரத்தைப் புருஷன் பார்த்துக்கொண்டான், விளம்பரத்தை அவள் பார்த்துக்கொண்டாள்.

"வெள்ளாப்புல நாலு மணிக்கெல்லாம் தொடங்கிருதுளா," என்று குழாயடியில் நின்ற பெண்களிடம் சொன்னாள். "மொதல்ல மூச்சு. உஸ்ஸு உஸ்ஸுன்னு செவுத்துக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேக்கு. பெறகு தொம்முன்னு ஒரு குதி. கொஞ்ச நேரம் மூச்சு. மறுபடியும் தொம்மு. பலகையெல்லாம் அதிருது. சொடலைமாடன் இல்லாம வேற யாரு அப்படிக் குதிப்பா?"

வேறு யாருமில்லை, சொரிமுத்துவேதான் குதித்தான்.

மைசூரில் ஒரு பட்டுக்கடையில் அவன் ஆறு வருஷம் வேலை பார்த்திருந்தான். கடைக்கு எதிரே இருந்த பாடசாலையில் காலையில் ஆசனம் சொல்லிக்கொடுத்தார்கள். முதுகுவலிக்காகப் போனவன் அப்படியே ஒட்டிக்கொண்டான். அங்கே ஆசனம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பதல்ல. ஒரு மூச்சுக்கு ஓர் அசைவு. குனிய வேண்டும், கையூன்ற வேண்டும், இரண்டு கால்களையும் சேர்த்துப் பின்னால் வீச வேண்டும், மறுபடி முன்னால் குதித்து வர வேண்டும். ஓர் ஆசனத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் இப்படி ஒரு சுற்று. தொண்டையை லேசாக இறுக்கி மூச்சை இழுத்து விடுவதால் பாம்பு சீறுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். யோகத்துக்கு எட்டு அங்கம், ஆசனம் அதில் ஒன்றுதான், இதை விடாமல் செய்தால் மிச்சமும் தானாக வந்து சேரும் என்று வாத்தியார் சொல்வார். சொரிமுத்து மிச்சத்துக்காகக் காத்திருக்கவில்லை. ஒரே கூடத்தில் இருபது பேர் சேர்ந்து மூச்சு விடும் சத்தம் அவனுக்குப் பிடித்திருந்தது. அதற்காகவே போனான்.

பிறகு அவன் மனைவி பேச்சி விஷக்காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டாள். பிள்ளைகள் கிடையாது. தாமிரபரணிக் கரையில் இருந்த சொந்த ஊருக்குத் திரும்பினான். காரியம் முடிந்த கையோடு உறவுக்காரர்கள் பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அதற்குப் பயந்து தூத்துக்குடிக்கு ஓடிவந்து, ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் சரக்கு எண்ணும் டாலி குமாஸ்தாவாகச் சேர்ந்தான். மைசூரிலிருந்து கூட வந்தவை ஒரு ஜமுக்காளமும் இந்தப் பழக்கமும்தான்.

அது யுத்த காலம். தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது, அவ்வளவு ஆழம் கிடையாது. ஆறேழு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி வரும். தோணி எப்போது வந்து சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்த நிமிஷத்தில் துறையில் பலகையும் பென்சிலுமாக நிற்க வேண்டும். ஒரு மூட்டை தோளில் போனால் ஒரு கோடு, ஐந்தாவது மூட்டைக்குக் குறுக்குக் கோடு. மத்தியானச் சோறு சில நாள் நாலு மணிக்குக் கிடைக்கும், சில நாள் கிடைக்காது. கூலிகளின் கூச்சல், வண்டிகளின் இடி, மேஸ்திரியின் வசவு எல்லாம் காதுக்குள் போகும். அவன் வாயிலிருந்து வெளியே வந்ததெல்லாம் எண்கள் மட்டும்தான்.

இத்தனை இரைச்சலுக்கு நடுவில் பழக்கத்தை விடாமல் இருக்க அவனுக்குக் கிடைத்த நேரம் காலை நாலு மணி. அஞ்சு மணி ஆனால் குழாயடியில் குடங்கள் மோதத் தொடங்கிவிடும். அஞ்சரைக்கு ஆபீஸ் பியூன் தெருவில் நின்று பெயரைச் சொல்லிக் கத்துவான். அவன் இருந்த கட்டடத்தில் கீழே மருந்துக்குப் போகும் நிலாவாரை இலை மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கி, மேலே பலகைத் தளம் போட்ட நாலு அறைகள். மூன்றாவது அவனுடையது, நாலாவதில் வடிவம்மாள் குடும்பம். இலைத்தூசி பலகை இடுக்கு வழியாக ஏறி வந்து, நடுவில் தும்மிக்கொண்டே செய்த நாட்கள் உண்டு. இரண்டு மணி நேரம்கூடத் தூங்காமல் எழுந்த நாட்கள் உண்டு. எப்படியோ செய்துவிடுவான். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பாடசாலையில் விடுமுறை, அந்த வழக்கப்படி இங்கேயும் விட்டுவிடுவான். அந்த இரண்டு நாளும் எதற்காக எழுந்திருக்க வேண்டும் என்று தெரியாமல் பாயில் கிடப்பான். அவ்வளவு தனியாக இருந்தான்.

செண்பகம் அந்த மாடிக்கு வந்தது ஆனி மாதத்தில். வடிவம்மாளுக்கு ஒன்றுவிட்ட தங்கை மகள். ஆறுமுகநேரிப் பக்கம் அண்ணன் வீட்டில் இருந்தவள். புருஷன் ரங்கூனில் ஒரு பலசரக்குக் கடையில் வேலையாக இருந்தான். அங்கே குண்டு விழுந்ததும் ஜனங்கள் காட்டு வழியாக நடந்தே ஊர் திரும்பினார்கள். அவன் திரும்பவில்லை, கடிதமும் இல்லை. இரண்டரை வருஷமாகிவிட்டது. அண்ணன் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் தன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கழுத்தைப் பார்ப்பதாக அவளுக்குத் தோன்றியது. கப்பல் வருகிற ஊரில் இருந்தால் சேதியும் முதலில் வரும் என்று சொல்லிப் பெரியம்மா வீட்டுக்கு வந்து, கீழே கிட்டங்கியில் இலை பொறுக்கும் வேலையில் சேர்ந்தாள்.

வந்த முதல் நாளே வடிவம்மாள் மூன்றாம் அறைச் சாமியைப் பற்றிச் சொல்லிவிட்டாள். சாமியிடம் கேட்க வேண்டியதை ஆட்டம் நடக்கும்போதே கேட்டுவிட வேண்டும். மலையேறிய பிறகு கேட்டால் மனுஷன்தான் பதில் சொல்வான். இது அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆகவே மறுநாள் விடிவதற்கு முன்னால் செண்பகம் போய் மூடிய கதவுக்கு எதிரில் நின்றாள். உள்ளே மூச்சு சீறிக்கொண்டிருந்தது.

"சாமி, அவுக உசுரோட இருந்தா ஒரு சத்தம் குடு," என்று மெல்லக் கேட்டாள்.

தொம்மென்று பலகை அதிர்ந்தது. அவள் அப்படியே வாசலில் விழுந்து கும்பிட்டாள்.

சொரிமுத்து அப்போது மூன்றாவது சூரிய நமஸ்காரத்தில் இருந்தான். மூச்சை எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு வெளியில் யாரோ பேசியதே கேட்கவில்லை.

எல்லாம் முடித்துக் கதவைத் திறந்தபோது, பக்கத்து அறைக்குப் புதிதாக வந்த பெண் தம்ளரோடு நின்றாள். சுக்குக்காப்பி. "குடிங்க சாமி," என்றாள். அந்த ஊரில் மரியாதைக்கு இப்படியும் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வாங்கிக் குடித்தான். கருப்பட்டி கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அவனுக்கென்று ஒருவர் அடுப்பு மூட்டி எத்தனையோ நாளாயிற்று. தம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது தலையை ஆட்டினான்.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். அவன் குடித்து முடிக்கும் வரையில் சுவரோரமாக நின்று ஏதாவது பேசுவாள். எல்லாம் புருஷனைப் பற்றித்தான். அவுகளுக்கு மீன்ல முள்ளு இருந்தா பிடிக்காது. அவுக ரங்கூன்லேருந்து ஒரு கொட அனுப்பினாக, மான் கொம்புல பிடி போட்டது. அவுக சிரிச்சா சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும். பத்து நிமிஷம். பிறகு பியூன் கத்துவான், சொரிமுத்து ஓடுவான். அந்தப் பத்து நிமிஷத்தைத் துறையில் வெயிலில் நின்றுகொண்டு நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பான்.

ஒரு மாதம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. கூட வேலை பார்த்த வேதமணி, தோணிக்குக் காத்திருந்த நேரத்தில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கேட்டான்.

"என்ன அண்ணாச்சி, குறி சொல்லுதீராமே? ரங்கூன்காரரு உசுரோட இருக்காருன்னு அந்தப் பிள்ளைக்கு வாக்குக் குடுத்தீராம்லா? எங்க தெரு வரைக்கும் பேச்சு வந்துட்டு. எனக்கும் எப்ப பிரமோஷன்னு ஒரு சத்தம் குடும்."

சொரிமுத்து முதலில் சிரித்தான். பிறகுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. அன்று அவன் பலகையில் ஐந்தாறு மூட்டைகளுக்குக் கோடு விட்டுப்போய் மேஸ்திரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

சாயங்காலம் நேரே வடிவம்மாளிடம் போய், தனக்குச் சாமியும் வரவில்லை பூதமும் வரவில்லை, அது உடம்புக்குச் செய்கிற யோகம் என்று சொன்னான்.

அவள் அசரவில்லை. "ஆடுதவனுக்கு ஆடினது தெரியுமா? ஒனக்கே தெரிஞ்சா அது எப்படிலே சாமி?"

"நான் நல்ல நெனவோடதான் செய்யுதேன், மதினி."

"அப்படித்தான் தோணும். எங்க சித்தப்பாவும் அப்படித்தான் சொல்லுவாரு. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மட்டும் ஒங்கிட்ட ஏன் வர மாட்டேங்கு? அன்னைக்கி அதுக்குச் சுடுகாட்டுல சோலி இருக்கும்லா."

இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன வாதாட முடியும்? செண்பகத்திடமே சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு படுத்தான். காலையில் என்ன வார்த்தைகளில் சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தான்.

காலையில் அவள் தலையில் பூ இருந்தது. கொஞ்சம் பிச்சிப்பூ, அதிகமில்லை. "இவ்வளவு நாளும் வைக்க மனசு வரல சாமி. வச்சா தப்பா, வைக்கலைன்னா தப்பான்னே தெரியாது. இப்போ தைரியமா வச்சேன்," என்றாள். சொரிமுத்து காப்பியைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கொடுத்தான். வேறொன்றும் சொல்லவில்லை.

அவளுடைய பூவுக்காகச் சொல்லவில்லை என்று அவன் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அது பாதி பொய். சொன்னால் அவள் மறுநாள் வர மாட்டாள், அதனால்தான் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றே ஏழு மாதம் போய்விட்டது.

அந்த ஏழு மாதத்தில் அவன் பழக்கமும் கெட்டது. ஒரு நாள்கூட விடவில்லை, அதில் குறையில்லை. ஆனால் மூச்சு அவசரப்பட்டது. ஐந்து மூச்சு இருக்க வேண்டிய இடத்தில் மூன்றோடு எழுந்தான். கடைசியில் உடம்பைக் கிடத்திச் சும்மா கிடக்க வேண்டும், பிறகு எழுந்து உட்கார்ந்து எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும் என்று கைகூப்பி முடிக்க வேண்டும். இரண்டையும் விட்டுவிட்டான். காது கதவில் இருந்தது. வெளியே வளையல் சத்தம் கேட்டால் மனசு இங்கே இருக்காது. முன்னெல்லாம் தனியாகச் செய்தான், ஒழுங்காகச் செய்தான். இப்போது கதவுக்கு வெளியே ஓர் ஆள் இருந்தாள், உள்ளே யாருமே இல்லை.

அவள் புருஷன் திரும்பி வந்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு நாள் யோசித்தான். காப்பி நின்றுவிடும் என்று முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கப்பட்டு, அன்று குளிக்கும்போது தலையில் நாலு வாளித் தண்ணீர் கூடுதலாக ஊற்றிக்கொண்டான். தூத்துக்குடியில் தண்ணீருக்கு உள்ள கஷ்டத்தில் அது கொஞ்சம் அதிகப்படியான பரிகாரம்தான்.

மாசி மாதம் செண்பகத்தின் அண்ணன் அய்யாக்குட்டி வந்தான். உப்பளத்தில் கங்காணி. வெள்ளை மனசு, பெரிய குரல். மூன்று வருஷம் ஆகிவிட்டது, ஊரில் பேசுகிறார்கள், மச்சானுக்குச் செய்ய வேண்டிய கருமாதியைச் செய்துவிட்டு நீ வீட்டோடு வந்து இரு என்று தங்கையிடம் சொன்னான். சுவருக்கு இந்தப் பக்கம் சோறு தின்றுகொண்டிருந்த சொரிமுத்துவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"அவுக இருக்காகன்னு சாமி சொல்லிட்டுதுண்ணே," என்றாள் செண்பகம்.

"எட்டு மாசத்துக்கு முந்தி சொன்னது. இப்போ நான் நேர்ல கேக்கேன். இருக்காருன்னு சொன்னா நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். இல்லைன்னா நீயும் மறுபேச்சுப் பேசக்கூடாது. சரிதானா?"

சுவருக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. பிறகு, "சரிண்ணே," என்றாள்.

சொரிமுத்து மிச்சச் சோற்றில் தண்ணீரை ஊற்றி மூடி வைத்தான். அப்போதே எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை.

மறுநாள் அமாவாசையாக இருந்திருந்தால் தப்பித்திருப்பான். அது அஷ்டமி. நாலு மணிக்கு ஜமுக்காளத்தை விரித்தான். முதல் சுற்று முடிவதற்குள் வாசலில் காலடிகள் கேட்டன. அய்யாக்குட்டி, செண்பகம், வடிவம்மாள், அவள் புருஷன், எலுமிச்சம்பழத்தோடு வந்த தெருப் பெண்கள் இரண்டு மூன்று பேர். சொரிமுத்து குனிந்து இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் ஊன்றினான்.

"சாமி!" என்றது அய்யாக்குட்டியின் குரல். மெல்லப் பேச அவனுக்குத் தெரியாது. "எம் மச்சான் உசுரோட இருந்தா சத்தம் வரட்டும். சத்தம் வரலைன்னா இன்னைக்கே எந்தங்கச்சியக் கூட்டிட்டுப் போயி ஆக வேண்டியதப் பாத்துருதேன்."

கைகள் தரையில் இருந்தன. மூச்சு உள்ளே இருந்தது. அடுத்து வெளியே விட்டுக்கொண்டே கால்களைப் பின்னால் வீச வேண்டும். வழக்கமாகச் செய்வதைச் செய்தால் போதும், தொம்மென்று ஒரு சத்தம், அவள் இங்கேயே இருப்பாள். நாளைக்கும் காப்பி வரும். வருகிற வருஷமும் வரும். ஒருக்காலும் வராத ஒருவனுக்காக அவள் கிழவியாகும் வரையில் இந்தச் சுவரோரமாக நின்று பேசிக்கொண்டிருப்பாள், அவன் கேட்டுக்கொண்டிருப்பான். அசையாமல் இருந்தால் எங்கோ ஒரு காட்டில் நடந்துகொண்டிருக்கிறவனை, ஒருவேளை நடந்துகொண்டிருக்கிறவனை, இந்த அறையில் குனிந்து நின்றபடியே கொன்றுவிடலாம். சாயங்காலம் அவள் கழுத்தில் தாலி இருக்காது. குதித்தாலும் பொய், சும்மா இருந்தாலும் பொய்.

இத்தனை வருஷத்தில் பாதியில் நிறுத்தியதில்லை. காய்ச்சலில் நிறுத்தியதில்லை. பேச்சி போன மறுவாரம்கூட அழுதுகொண்டே செய்து முடித்திருக்கிறான். சொரிமுத்து நிமிர்ந்தான். துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தான்.

ஆட்டத்தின் நடுவில் சாமியே கதவைத் திறந்து வந்தால் யாருக்குத்தான் பயம் வராது? தெருப் பெண்கள் இரண்டு படி கீழே இறங்கிவிட்டார்கள்.

"சாமி இல்ல," என்றான் சொரிமுத்து. "நான்தான். எல்லாரும் உள்ள வந்து பாருங்க. அய்யாக்குட்டி, நீரும் வாரும்."

அரிக்கேன் விளக்கைத் தூண்டிவிட்டான். அவர்கள் பார்க்கப் பார்க்க ஜமுக்காளத்தின் மேல் நின்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வாய்விட்டு எண்ணிக்கொண்டே குனிந்தான், கையூன்றினான், கால்களைப் பின்னால் வீசினான். தொம். "இதான் சத்தம்." மூச்சை இழுத்து விட்டுக் காட்டினான். "இதான் சீறல். மைசூர்ல படிச்சது. இதுல சாமியும் இல்ல, வாக்கும் இல்ல. நீங்க கேட்ட அன்னைக்கும் இதான் நடந்துது. அப்போ எனக்குத் தெரியாது. பெறகு தெரியும்."

வடிவம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "இதுக்கா நான் ஒரு வருசமா பயந்துக்கிட்டுக் கெடந்தேன்? பெருச்சாளி குதிக்க மாதிரில்லா இருக்கு."

தெருப் பெண் ஒருத்தி தான் கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தை மறக்காமல் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். அய்யாக்குட்டி கையை ஓங்கினான். ஓங்கிய கைக்கு எதிரில் வேர்வையோடு நின்றவனைப் பார்த்ததும் அடிக்கத் தோன்றாமல் கையை இறக்கினான். "எளவெடுத்த பய. சரி செண்பகம், தெரிஞ்சுபோச்சுல்லா? துணிமணிய எடுத்து வை," என்றான்.

செண்பகம் நகரவில்லை. ஜமுக்காளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்போ அவுக இருக்காகளா இல்லையான்னு ஒங்களுக்குத் தெரியாது."

"தெரியாது."

"வேற யாருக்காவது தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது."

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "யாருக்குமே தெரியாம, நான் எப்படிண்ணே அறுக்க?"

அய்யாக்குட்டி வெகுநேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். காலை ரயிலுக்குத் தனியாகவே போனான்.

எல்லோரும் போன பிறகு செண்பகம் வாசலில் நின்றாள். அவள் கண்ணில் கோபம் இருந்தது. "எட்டு மாசம். ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா, அண்ணாச்சி?"

சாமி போய் அண்ணாச்சி வந்தது அவன் காதில் சுருக்கென்று விழுந்தது. "சொன்னா நீ வர மாட்டேன்னு சொல்லல," என்றான். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது?

அவள் அவனை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் திட்டும் இல்லை, இரக்கமும் இல்லை. புரிந்துகொண்டாள், அவ்வளவுதான். போய்விட்டாள்.

அதன் பிறகு காப்பி வரவில்லை. மாடிப்படியில் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடுவாள். கிட்டங்கியில் இலை பொறுக்கிக்கொண்டிருப்பவள் அவன் கடந்து போகும்போது நிமிர மாட்டாள். தெருவில் சில நாள் கேலி நடந்தது, துறையில் வேதமணி ஒரு வாரம் பெருச்சாளி அண்ணாச்சி என்றான், அப்புறம் எல்லோரும் மறந்துபோனார்கள். கப்பல் வந்தது, தோணி வந்தது, மூட்டைகள் போயின. நாலு மணிக்கு எழுந்தான். காது கதவுக்குப் போகும், அங்கே ஒன்றும் இருக்காது, திரும்பி வரும். மெல்ல மெல்ல மூச்சு பழைய நிதானத்துக்கு வந்தது. மூன்றாக இருந்தது மறுபடி ஐந்தாயிற்று. யாரும் காத்திருக்காததால் கடைசியில் உடம்பைக் கிடத்திக் கிடக்கவும் நேரம் இருந்தது. நல்ல பயிற்சிதான். வாத்தியார் பார்த்தால் மெச்சியிருப்பார். சொரிமுத்துவுக்கு அழுகையாக வந்தது.

விட்டுப்போயிருந்த கைகூப்பலும் திரும்பி வந்தது. எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லி முடிக்க வேண்டும். எல்லோரும் என்பதில் அந்த ரங்கூன்காரனும் உண்டா என்று முதல் நாள் கேள்வி எழுந்தது. உண்டு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் மொத்தக் கும்பலில் அவனை ஒளித்து வைத்துச் சொல்வது தப்பித்துக்கொள்வதாகப் பட்டது. தனியாகச் சொல்ல முயன்றான். வாய் வரவில்லை. அவன் வந்துவிட வேண்டும் என்று தன்னால் மனதாரச் சொல்ல முடியவில்லை என்பதைப் பார்த்து மூன்று நாள் அப்படியே எழுந்து போனான். நாலாம் நாள் வாய் வந்தது. அப்போதுதான் அந்த ரங்கூன்காரன் பெயர் தனக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. எட்டு மாதமாக அவனுடைய சிரிப்பைப் பற்றியும் குடையைப் பற்றியும் கேட்டிருந்தான், பெயரை மட்டும் கேட்டதில்லை.

வடிவம்மாள் குழாயடிக்குப் போயிருந்தாள். செண்பகம் நாலாம் அறை வாசலை ஒட்டி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். சொரிமுத்து அவளைத் தேடி அந்த வாசலுக்கு அதுவரையில் போனதில்லை. நாலடி தள்ளியே நின்றான்.

"ஒன்னு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி," என்றாள் நிமிராமல்.

"ஒன் வீட்டுக்காரரு பேரு என்ன?"

ஊதுகுழல் நின்றது. "எதுக்கு?"

"காலையில முடிக்கையில எல்லாரும் நல்லாருக்கணும்னு கும்புடணும். அதுல அவரையும் தனியா சொல்லலாம்னு. பேரு தெரியல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். புகையில் கண் கலங்கியிருந்தது. இந்த மாதிரி ஒரு கேள்வியை ஒரு மனுஷன் எப்படிக் கேட்கலாம் என்கிற மாதிரி அதிர்ந்துபோயிருந்தாள்.

"அதெப்படி அண்ணாச்சி நான் சொல்லுவேன்? பொண்டாட்டி வாயால பேரு சொன்னா அவுக ஆயுசு கொறஞ்சிராதா?"

அவள் குரலில் துளி சந்தேகம் இல்லை. சாமியிடம் கேட்டவளும் இவள்தான், யாருக்காவது தெரியுமா என்று கேட்டவளும் இவள்தான். ஆனால் இந்தக் கேள்விக்குள் அந்த மனுஷன் எங்கோ உட்கார்ந்து முள்ளெடுத்து மீன் தின்றுகொண்டிருந்தான், அவனுக்கு இன்னும் நிறைய வருஷங்கள் மிச்சமிருந்தன, அதில் ஒரு நாளைக்கூடக் குறைக்க இவளுக்கு மனசில்லை. தான் எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்று அப்போதுதான் சொரிமுத்துவுக்கு முழுசாகத் தெரிந்தது.

"பேரு வேண்டாம்," என்றாள் அவள், கொஞ்சம் தணிந்து. "அவுகன்னு சொல்லிக் கும்புடுங்க. போதும்."

அவன் அறைக்குத் திரும்பினான். கீழே தெருவில் பியூன் கத்தத் தொடங்கியிருந்தான். ஜமுக்காளத்தைச் சுருட்டாமல் மறுபடி அதன் மேல் உட்கார்ந்து கைகூப்பினான்.

"அவுக திரும்பி வரணும்," என்றான். ஒரு பெண் தன் புருஷனுக்காகச் சொல்ல வேண்டிய வார்த்தை அது. அந்த வெறும் அறையில் தன் வாயிலேயே அதைக் கேட்டபோது அவனுக்கே கூச்சமாக இருந்தது. இருந்தாலும் இன்னொரு தடவை, பலகைக்குக் கேட்கும்படி, முழுசாகச் சொன்னான்.